சுழற்கோப்பை

நெல்லில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
எடுக்க மாட்டோம், திருப்பிக் காயவைக்கச் சொல்வோம்.
கம்பளிப் பந்துக்கு அப்படியொரு மீட்டர் கிடையாது.
காஸ்ட்ரோ முகர்ந்தே சொல்லிவிடுவான்:
"இன்னிக்கு இது பூப்பந்து இல்ல, புளி உருண்டை."

பகலில் நான் கொள்முதல் நிலையத்தின்
பருவகாலப் பட்டியல் எழுத்தன்.
மாலையில் நீடாமங்கலம் வெண்ணாறு அணிக்குப்
புள்ளி எழுதுகிறவன்.
இரண்டு நோட்டும் ஒரே பையில்.
போன மாசியில், கும்பகோணத்திலிருந்து திரும்பிய மறுநாள்,
மூட்டைக் கணக்கில் 35–33 என்று எழுதிவிட்டேன்.
கோப்பை ஜெயிச்சிட்டோம் சார் என்றேன்.
சந்தோஷம், அதை அடிச்சிட்டு எழுதுங்க என்றார்.
ஒற்றைக் கோடாக, எண் தெரியும்படி அடித்தேன்.

அதற்கப்புறம்தான்
சித்திரையில் சூசைராஜைப் பொன்மலை ரயில்வே கேட்டது.
வேலை, குவார்ட்டர்ஸ், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ.
யார்தான் வேண்டாம் என்பார்கள்?
நாங்களே ஸ்டேஷன்வரை பெட்டி தூக்கினோம்.
நைனா முகமதுக்கு முத்துப்பேட்டையில் கல்யாணம்.
பிரியாணி நன்றாக இருந்தது.
நாற்பதாம் நாள் மஸ்கட் போய்விட்டான்.
பின்வரிசையில் காற்று ஆடியது.

ஆனியில் வரவேண்டிய தண்ணீர் ஆடி கடைசியில் வந்தது.
வந்ததும் எல்லோரும் வயலுக்குப் போனார்கள்,
காஸ்ட்ரோ டிராக்டரை விட்டு இறங்கவில்லை.
மூன்று பேரை வைத்து ஐவர் ஆட்டம் பழகினோம்.
நான் நோட்டை மூடிவிட்டு வலது மூலையில் நின்றேன்.
பந்து என்னை மதிக்கவில்லை.

முன்பு எங்களோடு மோதுகிறவர்கள்
டீ குடித்துவிட்டு மெதுவாக வருவார்கள்.
இப்போது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார்கள்.
மன்னார்குடியில் பன்னிரண்டு எடுத்தோம்.
பட்டுக்கோட்டையில் எவ்வளவு என்று
நோட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.
திருத்துறைப்பூண்டியில் மைக்காரர்
"நடப்புச் சாம்பியன்" என்று ராகம் இழுத்தபோது
கேப்டன் ரெத்தினவேல்
மட்டையின் நரம்பைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தவன்
நிமிரவே இல்லை.
அவன் நரம்பு ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

தையில் மழை, யாரும் கேட்காத மழை.
களத்தில் குவியல் குவியலாய் நெல்.
படுதா போதவில்லை.
கடைசியில் வந்த செல்லம்மாள்
எங்கிருந்தோ ஒரு பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார்.
விரித்தால் எங்கள் ஐவர்.
"வெற்றி வேங்கைகளை வரவேற்கிறோம்",
கீழே கூட்டுறவு வங்கித் தலைவரின் கும்பிடு.
ராத்திரி முழுக்க மழை
சூசைராஜின் சிரிப்பில் தேங்கி
நைனாவின் காதுவழி வழிந்தது.
விடிந்ததும் மீட்டரைச் செருகினேன்.
பதினாறு புள்ளி எட்டு.
நாற்பத்தியொரு மூட்டை.
பிளெக்ஸை மடித்துத் தரட்டுமா என்றேன்.
"இருக்கட்டும்பா, இன்னும் அரை மா அறுப்பு கெடக்கு."

மறுபடி மாசி.
சுழற்கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.
ரெத்தினவேலின் மகள் அதில் கலர் பென்சில் போட்டு வைத்திருந்தாள்.
ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்துவிட்டு
பச்சையை மட்டும் தரமாட்டேன் என்றாள்,
பிறகு தந்தாள்.
புளி போட்டுத் தேய்த்தோம்.
காலை ஆறு பத்து கும்பகோணம் பஸ்ஸில்
மூன்றுபேர் சீட்டில் இரண்டுபேரும் கோப்பையும்.

கண்டக்டர் கேட்டார், "ஜெயிச்சிட்டு வர்றீங்களா?"
யாரும் பேசவில்லை.
காஸ்ட்ரோதான், "இல்லண்ணே, குடுக்கப் போறோம்."
அவர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிக்கப் போனவர்
விரலை எடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

பீடத்தைச் சுற்றி வருடங்கள், ஊர்கள்.
எங்கள் பெயரை வெட்டியவன்
ஒரு சுழியைக் குறைத்துவிட்டான்: வென்னாறு.
ஒரு வருடமாய் இதை யாரும் கவனிக்கவில்லை.
அதற்குக் கீழே வெற்றுப் பித்தளை,
ஒரு பெயர் அகலத்துக்கு.

வலங்கைமான் தாண்டியதும் வெயில் உள்ளே வந்தது.
முதல் ஆட்டம் பத்து மணிக்கு.
பந்துகளைப் பையிலிருந்து எடுத்து
ஜன்னலோரம் மடியில் வைத்துத்
திருப்பித் திருப்பிக் காயவைக்கிறேன்.